36 சரியாக இறங்குகிறது, 37 சாய்கிறது: பின்பக்கப் பல் இல்லாத கேஸில் சர்ஜிக்கல் கைடு எங்கே தவறுகிறது?

கடைவாய் கேட்கிறார்:

வணக்கம். கீழ்த்தாடை இடப்பக்கத்தில் 36, 37 (முதல், இரண்டாம் கடைவாய்ப்பல்) இரண்டும் இல்லை. 38-உம் (ஞானப்பல்) இல்லாததால், டிரில்லுக்கு வழிகாட்டப் பற்கள்மேல் உட்காரும் கைடுக்குப் பின்பக்கம் பிடிமானம் கிடையாது. வலப்பக்கம் 47 (இரண்டாம் கடைவாய்ப்பல்) வரை எல்லாப் பற்களும் உள்ளன. சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) 0.2 மி.மீ. வாக்ஸல், வாய் ஸ்கேன் எஸ்டிஎல் கோப்பு (பற்களின் பரப்பு வடிவம்). இரண்டையும் மென்பொருளில் பொருத்தி, இரு இடத்துக்கும் 4.3 × 10 மி.மீ. இம்ப்ளான்ட் திட்டமிட்டு, 35 (இடப்பக்க இரண்டாம் முன்கடைவாய்ப்பல்) முதல் 43 (வலப்பக்கக் கோரைப்பல்) வரை பற்கள்மேல் உட்காரும் கைடு பிரின்ட் செய்யப்பட்டது. ஸ்லீவ் (டிரில் நுழையும் குழல்) உயரம் 5 மி.மீ., ஸ்லீவின் அடியிலிருந்து எலும்பு 4 மி.மீ. பிரின்ட் செய்த மாடலில் கைடு கொஞ்சமும் ஆடவில்லை.

இம்ப்ளான்ட் வைத்த கையோடு ஸ்கேன் பாடி (இம்ப்ளான்ட்டின் நிலையைக் காட்டும் துண்டு) மாட்டி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தின் மேல் போட்டுப் பார்த்ததில்:

36: மேல்பகுதியில் 0.5 மி.மீ., அடிமுனையில் 0.8 மி.மீ. விலகல்.
37: மேல்பகுதியில் 0.9 மி.மீ., அடிமுனையில் 2 மி.மீ. (டிஸ்டல், அதாவது பின்பக்கம்; சிறிது பக்கல், அதாவது கன்னப்பக்கம்). ஆழமும் 1 மி.மீ. குறைவு.

தவறு பொருத்துவதிலா, பிரின்டிலா, கையிலா? இந்த மாதிரி கேஸுக்குக் கைடை எப்படி வடிவமைப்பது? இல்லை, 37-க்கு வெறும் பைலட் டிரில்லோடு (முதல் மெல்லிய துளை) நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனமா?

---

அச்சுக்கோடு:

முதலில் ஒன்றைக் கழித்துவிடுவோம். மாடலில் கைடு ஆடாமல் உட்கார்ந்தது என்பது பிரின்டைப் பற்றித்தான் பேசுகிறது. எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாடலும் கைடும் ஒரே எஸ்டிஎல்லிலிருந்து வந்தவை. அந்த எஸ்டிஎல் சிபிசிடியின்மேல் 1 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தாலும் கைடு மாடலில் அழகாகத்தான் உட்காரும், வாயிலும் அழகாகத்தான் உட்காரும். இம்ப்ளான்ட் மட்டும் தவறான இடத்தில் இறங்கும்.

அடுத்து, விலகலின் அளவைவிட அதன் வடிவத்தைப் பாருங்கள். பொருத்துவதில் பிழை என்றால் இரண்டு இம்ப்ளான்ட்டும் ஒரே திசையில் போயிருக்கும்: நகர்வுப் பிழை என்றால் இரண்டும் கிட்டத்தட்ட சம அளவில், சுழற்சிப் பிழை என்றால் பின்னால் போகப்போகச் சற்றே கூடும். 30 மி.மீ. தொலைவில் 1 டிகிரி சுழற்சி ஏறக்குறைய 0.5 மி.மீ. ஆகும். உங்கள் கணக்கில் 37 மேலே 0.9, அடியில் 2. அதாவது 10 மி.மீ. நீளத்தில் 1.1 மி.மீ. கூடுதல், சாய்வு சுமார் 6 டிகிரி. 36-இல் அதே கணக்கு 2 டிகிரிக்கும் கீழே. ஒரே கைடில் பக்கத்துப் பக்கத்து ஸ்லீவுகளில் இந்த வித்தியாசத்தைப் பொருத்தல் பிழை உண்டாக்காது. 36-இல் தெரியும் 0.5-இல் வேண்டுமானால் அதற்குப் பங்கிருக்கலாம்.

ஆனாலும் இந்த வகைக் கேஸில் பொருத்தலைத்தான் நான் கடைசிவரை சந்தேகிப்பேன். சரிபார்க்க வேண்டியவை:

சிபிசிடியின் புலம் இடப்பக்கத்தை மட்டும் பிடிக்கும் 5 × 5 செ.மீ. என்றால் பொருத்துவதற்கு ஐந்தாறு பல்தான் கிடைக்கும். எல்லாம் ஒரே பக்கம். வளைவு முழுவதும் வேண்டும். புள்ளிகளை 47, 43, 35 என்று அகலமாக வையுங்கள். தானியங்கிப் பொருத்தல் முடிந்ததும் திரையில் வரும் பச்சை நிறத்தை நம்பாமல், குறுக்குவெட்டில் ஒவ்வொரு பல்லாகப் போய் எஸ்டிஎல்லின் கோடு எனாமலின் விளிம்போடு ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக 47-இல். பொருத்தல் சுழன்றிருந்தால் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

சிபிசிடி எடுக்கும்போது மேல், கீழ்ப் பற்கள் ஒட்டியிருக்கக் கூடாது. பஞ்சு உருளையைக் கடிக்கச் சொன்னால் கடிபரப்பு தனியே தெரியும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இன்னொரு உருளை வைத்தால் ஈறின் விளிம்பும் தெரியும். உலோகக் கிரவுன்கள் நிறைய இருந்து கீற்றுகள் விழும் என்றால், ஈறில் மூன்று நான்கு இடத்தில் எக்ஸ்ரேயில் தெரியும் (ரேடியோ ஒபேக்) கம்போசிட் பொட்டு வைத்து, அதே பொட்டுகளோடு வாய் ஸ்கேனும் சிபிசிடியும் எடுக்கலாம். பற்களின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் நோயாளி அசைந்திருக்கிறார். அந்தத் தொகுப்பில் திட்டமே போடாதீர்கள்.

இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் ஒரு ஃபில்லிங் போட்டிருந்தால்கூடக் கைடு அந்தப் பல்லில் ஏறி நிற்கும். இது சின்ன விஷயமாகத் தோன்றும், அடிக்கடி நடப்பது இதுதான்.

ஒரு கேள்வி: 37-இன் இம்ப்ளான்ட் ஸ்லீவ் வழியாகவே திருகப்பட்டதா, கைடைக் கழற்றிவிட்டுக் கையால் வைக்கப்பட்டதா?

---

மெழுகுகத்தி:

டாக்டர், லேப் பக்கத்திலிருந்து சொல்றேன். 35-லேர்ந்து 43 வரைக்கும்தான் கைடுன்னு சொன்னதுமே எனக்கு உறுத்துச்சு. பின்னால் பல் இல்லாத கேஸ்ல எதிர்ப்பக்கம் கடைசிப் பல் வரைக்கும், இங்க 47 வரைக்கும், கட்டாயம் போகணும். 43-ல நிறுத்தினா, 37 மேல டிரில் அழுத்தும்போது கைடு 35-ஐ அச்சாக வெச்சு ஏத்தம் மாதிரி ஆடும். பின்முனை அமுங்கும், வலப்பக்கம் தூக்கும். 46, 47-ஐயும் சேர்த்துப் பிடிச்சா தூக்கறதை உடனே ஜன்னல் வழியா பார்க்கலாம்.

ஜன்னல்னா கைடுல பல் முகடு தெரியற மாதிரி வெட்டின திறப்பு. குறைஞ்சது மூணு: 47, நடு வெட்டுப்பல் பக்கம், 35. மூணுலயும் பல்லும் ரெசினும் முடி போற இடைவெளி இல்லாம ஒட்டியிருக்கணும். ஒரு ஜன்னல்ல இடைவெளி தெரிஞ்சா டிரில்லை எடுக்கவே வேணாம்.

வடிவமைப்புல நான் வெச்சுக்கற அளவு: தடிமன் 3 மி.மீ., பின்னால் நீட்டிக்கிட்டு நிக்கற பகுதியில 4 வரைக்கும். கைடுக்கும் பல்லுக்கும் இடைவெளி 0.05-லேர்ந்து 0.1 மி.மீ. பிரின்டரைப் பொறுத்து மாறும். அன்டர்கட்டை நல்லா அடைச்சிடுங்க. பல்லோட அகலமான கோட்டுக்குக் கீழ இறங்கினா 'டக்'னு பிடிக்கும், பிடிமானம்னு சந்தோஷமா இருக்கும், ஆனா ரெசின் விரிஞ்சு முழுசா இறங்காம நிக்கும். கீழ்ப்பற்கள் லிங்குவல் (நாக்கு) பக்கம் சாய்ஞ்சிருக்கறதால அந்தப் பக்கம்தான் மாட்டிக்கும்.

பிரின்ட்ல மூணு இடத்துல கெடும். ஒண்ணு, பல் உட்கார்ற உள்பரப்புல சப்போர்ட் (பிரின்ட் ஆகும்போது தாங்கற குச்சி) வெக்கறது. நறுக்கின தழும்பு ஒவ்வொண்ணும் ஒரு மேடு. ரெண்டு, கழுவறது, ஸ்லீவ் துளைக்குள்ள ரெசின் தங்கி க்யூர் ஆகி இறுகினா துளை சுருங்கும், அப்புறம் ஸ்லீவை அழுத்தித் திணிப்பாங்க, அது சாய்ஞ்சு உட்காரும். ஸ்லீவ் விரலாலேயே இறங்கி விளிம்பு முழுசா ஒட்டணும், அதுக்கப்புறம்தான் பசை. எந்த விட்டம் நம்ம பிரின்டருக்கு ஒத்துவரும்னு தெரிய 0.05 மி.மீ. வித்தியாசத்துல ஆறேழு துளை போட்ட ஒரு சின்னத் தகடு பிரின்ட் பண்ணிப் பாருங்க, ஒரு தடவை பண்ணினா போதும். புது ரெசின் பாட்டில் பிராண்ட் மாறினா மறுபடியும். மூணு, ஆட்டோகிளேவ். ரெசின் தயாரிப்பாளர் எந்த வெப்பத்துக்கு அனுமதிச்சிருக்காரோ அதுதான். மெல்லிசான கைடு வளைஞ்சே வரும். அதனால ஸ்டெரிலைஸ் பண்ண முறையிலேயே ஒரு டம்மி கைடை ஓட்டி, வெளியே எடுத்து மாடல்ல வெச்சுப் பார்த்திருக்கணும்.

பின்னால் ஈறுமேல ஒரு பாதம் மாதிரி நீட்டி முட்டுக் கொடுக்கலாமான்னு கேப்பாங்க. ஃபிளாப் (கீறித் தூக்கற ஈறு மடிப்பு) திறக்காத கேஸ்ல ஓரளவு உதவும், ஈறு அமுங்கும்ங்கறதை மறக்காம. ஃபிளாப் திறந்தா அந்த முட்டுக்கு அடியில ஈறே இருக்காது. இன்னும் மோசம், தூக்கின ஃபிளாப் பாதத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு கைடையே தூக்கிடும். எது பண்ணப்போறீங்கன்னு லேபுக்கு முன்னாடியே சொல்லிடுங்க டாக்டர். அந்தத் தகவல் வராத ஃபைல்தான் அதிகம்.

---

கடைவாய்:

விரிவான பதில்களுக்கு நன்றி. கேட்ட விவரம்: 36 ஸ்லீவ் வழியாகவே வைக்கப்பட்டது. 37-இல் கடைசி டிரில் வரை கைடோடு. இம்ப்ளான்ட் மட்டும் கைடைக் கழற்றிவிட்டுக் கையால், வாய் போதிய அளவு திறக்காததால். ஃபிளாப் திறந்துதான் செய்யப்பட்டது. முன்பற்களுக்கு நடுவே வாய்த் திறப்பு 44 மி.மீ. இருந்தது, அதனால் போதும் என்று கணக்கிடப்பட்டது.

---

ஒண்ணரை_மில்லி:

இந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது, டாக்டர். முன்பற்களில் 44 என்பது 37-க்குப் பயன்படாத எண். வாய் கதவுபோலத் திறக்கிறது. கீலுக்குப் பக்கத்தில் இடைவெளி எப்போதும் குறைவு. அளக்க வேண்டியது 37 இடத்தின் எலும்பு முகட்டிலிருந்து எதிரே மேல்தாடையின் 27 வரை.

எவ்வளவு வேண்டும் என்று உங்கள் அளவுகளிலேயே போட்டுப் பார்க்கலாம். எலும்பிலிருந்து ஸ்லீவின் மேல்விளிம்பு 4 + 5 = 9 மி.மீ. எலும்புக்குள் 10 மி.மீ. போக வேண்டுமென்றால் டிரில்லில் ஸ்டாப்பருக்குக் கீழே 19 மி.மீ. நீளம் இருக்கும். அதன் முனை ஸ்லீவின் வாயில் நுழையும் கணத்தில், கான்ட்ரா ஆங்கிள் (டிரில்லைப் பிடிக்கும் வளைந்த ஹேண்ட்பீஸ்) தலையின் அடி எலும்பிலிருந்து 28 மி.மீ. மேலே நிற்கிறது. தலையின் உயரம் 14 என்றால் மொத்தம் 42 மி.மீ. இந்த அளவு இடம் 37-இல் அநேகமாக யாருக்கும் கிடைக்காது. உங்கள் ஹேண்ட்பீஸின் தலையைக் காலிப்பரால் அளந்து இதே கூட்டலைத் திட்டமிடும் நாளன்றே போட்டுவிடுங்கள்.

இடம் போதாதபோது கை என்ன செய்கிறது? ஹேண்ட்பீஸின் தலையை இடம் அதிகமுள்ள முன்பக்கம் சாய்க்கிறது. தலை மீசியல் (முன்பக்கம்) போனால் முனை டிஸ்டல் போகும். 37-இன் அடிமுனை டிஸ்டல் போனதற்கு வேறு மர்மம் தேவையில்லை. ஸ்லீவ் தடுக்காதா என்றால், அது தடுப்பது ஓரளவுதான். டிரில்லுக்கும் துளைக்கும் மொத்த இடுக்கு 0.1 மி.மீ., துளை உயரம் 5 மி.மீ. என்றால் 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சாயும், அடிமுனையில் 0.3 மி.மீ. கரண்டி போன்ற கீ வைத்து டிரில் செய்யும் அமைப்பில் கீக்கும் ஸ்லீவுக்கும் ஓர் இடுக்கு, டிரில்லுக்கும் கீக்கும் இன்னோர் இடுக்கு. தேய்ந்த கீ என்றால் இன்னும் கூடும். இதன்மேல் கைடே 35-ஐ அச்சாக வைத்து ஆடுகிறது, மெழுகுகத்தி சொன்னதுபோல. எல்லாம் ஒரே திசையில் சேர்ந்தால் 3 டிகிரி வரும். மீதியைக் கையால் திருகியது கொடுத்திருக்கும்: கைடு இல்லாமல் இறங்கும் இம்ப்ளான்ட், துளையின் சுவர்களில் மென்மையான பக்கத்தைத் தேடிப் போகும். லிங்குவல் தகடு கெட்டியாக இருந்தால் அது பக்கல் பக்கம் தள்ளும். உங்கள் 'சிறிது பக்கல்' அதுவாக இருக்கலாம். லிங்குவல் போகாதது நல்லதாயிற்று. 37-க்கு அடியில் லிங்குவல் பள்ளம் ஆழமானால் அந்தப் பக்கம் துளைத்துக்கொண்டு போவது வேறு வகைப் பிரச்சினை.

1 மி.மீ. ஆழக் குறைவும் அங்கிருந்தே. கைடோடு வைக்கும்போது ஆழத்தை நிறுத்துவது மவுன்ட்டிலுள்ள (இம்ப்ளான்ட்டைப் பிடித்துத் திருகும் துண்டு) ஸ்டாப்பர். கையால் வைக்கும்போது கண். எலும்பு முகடு பக்கல் பக்கம் சரிந்திருந்தால் எந்தப் பக்க எலும்பைப் பார்த்து நிறுத்தினோம் என்பதே 1 மி.மீ. ஆகிவிடும். இன்னொரு வாய்ப்பு, கடைசி டிரில் ஸ்டாப்பரைத் தொடாமலே நின்றது: ஸ்லீவின் மேல் எலும்புத்தூள் அப்பியிருந்தால், அல்லது ஃபிளாப் கைடைத் தூக்கியிருந்தால். ஒவ்வொரு டிரில்லுக்கும் பிறகு ஆழமானியைத் துளைக்குள் விட்டுப் பார்ப்பதைக் கைடு இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

இனி எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு. பக்கவாட்டில் திறந்த ஸ்லீவ் இருக்கிறது. டிரில்லை மேலிருந்து விடாமல் பக்கல் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளலாம், 9 மி.மீ. மிச்சம். ஆனால் திறந்த பக்கம் தாங்காது, கவனமாக எதிர்ச்சுவரில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, இம்ப்ளான்ட்டைக் குட்டையாக்குவது: 10-க்குப் பதில் 8 போட்டால் டிரில் 2 மி.மீ. குறையும், நரம்புக்கும் நல்லது. ஸ்லீவை எலும்புக்கு 2 மி.மீ. அருகில் இறக்கினால் நுழையும் உயரத்தில் இரண்டு மடங்கு, அதாவது 4 மி.மீ. மிச்சம், ஏனென்றால் ஸ்லீவும் தாழ்கிறது, டிரில்லும் குட்டையாகிறது. ஈறு தடிமனாக இருந்தால் ஸ்லீவ் ஈறில் இடிக்கும். ஃபிளாப் திறக்கும் கேஸில் அந்தச் சிக்கல் இல்லை.

வரிசையும் முக்கியம். 36-ஐ முழுவதும் முடித்து இம்ப்ளான்ட் வைத்து, அதன் மவுன்ட்டை ஸ்லீவிலேயே விட்டுவிடுங்கள். கைடு இப்போது 36-இல் எலும்போடு பூட்டப்பட்டுவிட்டது. அதன்பிறகு 37-ஐத் துளைத்தால் ஆட்டம் வெகுவாகக் குறையும். பின்பக்கம் கிடைமட்டமாக, கைடை எலும்போடு பிடிக்கும் ஆங்கர் பின் போடலாம் என்றும் சொல்வார்கள். கீழ்த்தாடைப் பின்பகுதியில் பக்கல் பக்கமிருந்து பின் அடிக்கும்போது அதையும் நரம்புக்கால்வாயோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். எனக்கு 36 மவுன்ட்டே போதும்.

பைலட்டோடு நிறுத்துவது பற்றி: தவறே இல்லை. 2 மி.மீ. பைலட்டைக் கைடு வழியாகப் போட்டு, கைடைக் கழற்றி, திசைகாட்டும் பின்னைத் துளையில் நிறுத்தி ஒரு பெரியாபிகல் எக்ஸ்ரே. 6 டிகிரி தப்பு அந்தப் படத்தில் கண்ணுக்கே தெரியும், அப்போது திருத்தவும் முடியும். முழுக் கைடில் கடைசிவரை போய்விட்டுத் தெரிந்துகொள்வதைவிட மேல். டைனமிக் நேவிகேஷன் (டிரில்லின் நிலையைத் திரையில் நேரடியாகக் காட்டும் கருவி) வைத்திருந்தால் 37 போன்ற இடம் அதற்குத்தான்: ஸ்லீவும் நீள டிரில்லும் இல்லை. ஆனால் ஹேண்ட்பீஸை மாற்றும்போதும் டிரில்லை மாற்றும்போதும் கலிப்ரேஷனைப் பல்லின் முகட்டில் தொட்டுச் சரிபார்க்காமல் போனால் அதுவும் பொய் சொல்லும்.

சூடு பற்றி ஒரு வரி. ஸ்லீவ் தண்ணீரை மறைக்கிறது. 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் போதும் எலும்பு கெடுவதற்கு. குளிரவைத்த சலைனைச் சிரிஞ்சால் தனியே ஸ்லீவுக்கு அடியில் பாய்ச்சி, டிரில்லை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் பள்ளங்களைத் துடைத்துப் போங்கள். கீழ்த்தாடையில் இது வசதிக்காகச் செய்வதல்ல.

---

அச்சுக்கோடு:

நரம்புக்கான பாதுகாப்பு இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையான கைடுகள் பற்றிய ஆய்வுத் தொகுப்புகளில் சராசரி விலகல் மேலே 1.2 மி.மீ., அடிமுனையில் 1.4 மி.மீ., கோணம் 3.5 டிகிரி என்ற அளவில் வருகிறது. சராசரிதான்; அடிமுனையிலும் கோணத்திலும் உங்கள் 37 அதற்கு மேலே. ஆகவே 2 மி.மீ. விடுவது பயந்தவர்களின் பழக்கமல்ல. அந்த 2 மி.மீ.யை இம்ப்ளான்ட்டின் முனையிலிருந்து அளக்காமல் டிரில்லின் முனையிலிருந்து அளக்க வேண்டும். பல அமைப்புகளில் டிரில்லின் கூர்முனை குறிக்கப்பட்ட நீளத்தைத் தாண்டி 1 மி.மீ. வரை போகும். மென்பொருள் தானாக வரையும் நரம்புக்கோட்டையும் குறுக்குவெட்டில் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்; நரம்பு தாடையை விட்டு வெளியேறும் மென்டல் துளைக்கு அருகே அது வழி தவறும்.

உங்கள் அளவீட்டையும் ஒருமுறை சந்தேகியுங்கள். பின்னர் எடுத்த ஸ்கேனைத் திட்டத்தோடு சேர்க்கும்போது முன்பற்களை மட்டும் வைத்துச் சேர்த்தால் அதே சுழற்சிப் பிழை அங்கேயும் வரும். 47 வரை சேர்த்துப் பொருத்துங்கள். ஸ்கேன் பாடிக்கு அடியில் எலும்போ ஈறோ மாட்டியிருந்தால் அது சாய்ந்து உட்காரும், நல்ல இம்ப்ளான்ட் கெட்ட இம்ப்ளான்ட்டாகத் தெரியும். பெரியாபிகல் எடுத்து இணைப்பில் கறுப்புக்கோடு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பலமுறை ஆட்டோகிளேவில் போன பீக் பிளாஸ்டிக் ஸ்கேன் பாடியை அளவெடுக்க நம்பாதீர்கள். மென்பொருளில் தேர்ந்தெடுத்த நூலகமும் (ஸ்கேன் பாடி வடிவங்களின் தொகுப்பு) அதே ஸ்கேன் பாடிக்குரியதுதானா? பெயர் ஒன்று, உயரம் வேறு என்று இரண்டு பதிவுகள் இருக்கும் நூலகங்கள் உண்டு. சரியாக 1 மி.மீ. ஆழப் பிழை என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

---

கடைவாய்:

47 வரை சேர்த்து மறுபடி பொருத்தியதில் 37 அடிமுனை 2-இலிருந்து 1.8 ஆகியது; சாய்வும் ஆழமும் அப்படியே. நூலகம் சரிதான். அப்படியென்றால் சாய்வு நிஜம். இந்த இம்ப்ளான்ட்டில் கிரவுன் வைப்பதில் சிக்கல் வருமா?

---

மெழுகுகத்தி:

சாய்வைப் பத்திக் கவலை வேணாம் டாக்டர். 6 டிகிரி, இம்ப்ளான்ட் மேலேர்ந்து கடிபரப்பு வரை 9 மி.மீ.ன்னு வெச்சா, ஸ்க்ரூ துளை மீசியல் பக்கம் சுமார் 1 மி.மீ. தள்ளி வரும். சாதாரண நேர் டை-பேஸே (கிரவுனைத் தாங்கற டைட்டானியம் அடிப்பாகம்) போதும், கோணத் துளை தேவையில்லை. 36-ஐயும் 37-ஐயும் தனித்தனி கிரவுனா வையுங்க. சேர்த்துக் கட்டினா ரெண்டு பாதையும் ஒத்துவரணும், அப்ப இம்ப்ளான்ட்டுக்குள்ள பூட்டிக்காத, என்கேஜ் ஆகாத பேஸ் எடுக்கணும்.

ஆழம்தான் பிரச்சினை. 37-ல ஈறு உயரம் 1 மி.மீ. குறைஞ்சுபோச்சு. பேஸோட ஈறு உயரம் குட்டையா எடுத்தா, அகலமான மோலார் வடிவத்துக்கு திடீர்னு விரியணும். பக்கவாட்டுக் கோணம் 30 டிகிரிக்கு மேல போனா அழுக்கு சேரும், பிரஷ் போகாது. அதனால 37 கிரவுனை பக்கல்-லிங்குவல் அகலத்துல சின்னதா, முன்கடைவாய்ப்பல் அளவுக்குப் பண்ணுங்க. பேஸோட சிம்னி (மேல நீட்டியிருக்கற குழல்) 4 மி.மீ.க்குக் குறையாம, மேல ஜிர்கோனியா ஒரு மி.மீ.க்கு மேல இருக்கற அளவுக்கு எதிர்ப்பல் இடைவெளி இருக்கான்னு கடியோட ஸ்கேன் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.

---

ஒண்ணரை_மில்லி:

இம்ப்ளான்ட் வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்ட பிறகு இறக்க முடியாது; இனி எலும்பு முகட்டில் இம்ப்ளான்ட்டின் சொரசொரப்பான பகுதி வெளியே தெரிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டு மெழுகுகத்தி சொன்னபடி போங்கள். அடுத்த கேஸிலிருந்து, தையல் போடும் முன்பே ஸ்கேன் பாடி மாட்டி ஒப்பிட்டுவிடுங்கள். 1 மி.மீ. குறைவு அப்போதே தெரிந்தால் ராட்செட்டால் இன்னும் ஒரு சுற்று இறக்கலாம், துளை அந்த ஆழத்துக்கு இருந்தால். இறுக்கம் 50 நியூட்டன் சென்டிமீட்டரைத் தாண்டினால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து கார்டிகல் டிரில்லோ (கெட்டியான வெளி எலும்புக்கானது) டேப்போ (மரை வெட்டுவது) போட்டு மறுபடி வையுங்கள்.